‘பிளாஸ்டிக் இல்லை’ என்று நம்பிக் கடைக்கு வாங்கியதில் யாருக்கு என்ன நடந்தது?

மெஸ்காரன்:
பார்சலுக்கு 2,000 பை. துணிப்பை என்றுதான் மொத்தக்கடையில் கொடுத்தார்கள். தொட்டுப் பார்த்தாலும் துணிதான். பச்சை நிறம், மெஸ் பெயர், கீழே ‘இயற்கையைக் காப்போம்’ வேறு. மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில் சுகாதார ஆய்வாளர் வந்து ஒரு பையை எடுத்தார். அதன் காதில் லைட்டரைக் காட்டினார். பருத்தித் துணி என்றால் கருகிச் சாம்பலாகும். இது உருகிச் சொட்டியது. ஒரு சொட்டு கல்லாப்பெட்டி மேல் விழுந்து அப்படியே இறுகிவிட்டது. அபராதம் கட்டியதுகூட மறந்துவிட்டது, அந்தச் சொட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.

டீக்கடைத் தம்பி:
அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அது ‘நான்-ஓவன்’ (non-woven, நெய்யாத) பை, பாலிப்ராப்பிலீன் என்ற பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருளில் அதுவும் ஒன்று. வாங்கும் முன் ஒரு தடவை கொளுத்திப் பார்த்திருக்கலாமே? சரி, நான் மட்டும் என்ன ஒழுங்கு. பேப்பர் கப் என்று மூட்டை மூட்டையாக வாங்கினேன். ஒரு நாள் ராத்திரி ஒன்றைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனேன். காலையில் காகிதம் கூழாகிவிட்டது. உள்ளிருந்து பாம்புச்சட்டை மாதிரி ஒரு தோல் உரிந்து வந்தது. அந்தப் பிளாஸ்டிக் பூச்சுக் கப்பும் அதே பட்டியலில்தான். இப்போது கண்ணாடி டம்ளர்.

சமையல் காண்ட்ராக்ட்:
600 பேர் பந்திக்குத் தம்பி கண்ணாடி டம்ளரைக் கழுவிக் காட்டட்டும், பார்க்கலாம். என் கதை பாக்குமட்டைத் தட்டு. ஐப்பசி முகூர்த்தம், விடியற்காலை கட்டைப் பிரித்தால் தட்டெல்லாம் கரும்பூசணம். மட்டையை ஊறவைத்துச் சூட்டு அச்சில் அழுத்துகிறார்கள். ஈரம் மிச்சமிருந்தால் அடைமழையில் அவ்வளவுதான். வாழை இலைக்கு ஆளை விரட்டினேன். பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கம்பெனி பர்ச்சேஸ்:
கேன்டீன் குப்பைக்கு ‘மக்கும் பை’ வாங்கித் தோட்டக் குழியில் போட்டோம். ஆறு மாதம் கழித்துத் தோண்டினால் எங்கள் லோகோவைப் படிக்க முடிந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மக்கும் பை என்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழைக் கேளுங்கள்; ஐஎஸ் 17088 என்ற தர எண்ணைப் பாருங்கள். அந்தச் சோதனையே சுமார் 58 டிகிரி சூட்டில் நடப்பது. பெரிய உரக்கூடத்தில் அந்தச் சூடு வரும், வீட்டுக் குழியில் வராது. அதனால் பை எங்கே போய்ச் சேரப்போகிறது என்று முடிவு செய்த பிறகு வாங்குங்கள். சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது? தயாரிப்பவரா, விற்பவரா? காலாவதியாகிவிட்டதா? ‘ஈக்கோ’ என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள், அச்சடிப்பது சும்மா மைதான். மாதிரி பத்து வாங்கி நனைத்து, கொளுத்தி, கிழித்துப் பாருங்கள். அப்புறம் மெஸ் அண்ணன், பில்லில் பை எந்தப் பொருளால் ஆனது என்று எழுதி வாங்கியிருந்தால் அந்தக் கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

மெஸ்காரன்:
பில்லைத் தேடி எடுத்தேன். ‘பை - 2000’ என்று மட்டும் இருக்கிறது.