பவானி கூடுதுறை: தெரிஞ்சவங்க சொல்றது

குமாரபாளையத்துக்காரர்:
காவிரியும் பவானி ஆறும் சேர்ற இந்தக் கூடுதுறைக்கு ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசையில குளிக்க வர்றவங்க, மேட்டூர்ல எவ்வளவு தண்ணி திறந்திருக்காங்கன்னு பார்த்துட்டுக் கிளம்புங்க. பவானியில சொட்டு மழை இல்லாட்டியும் ஆறு ஏறும். மேட்டூர் நிரம்பி உபரிநீர் வரும்போது பவானிசாகர் அணையிலயும் திறந்துட்டா, ரெண்டு ஆத்துத் தண்ணியும் வந்து முட்டற இடம் இதுதான். 2018, 2022 ஆகஸ்ட்ல கரையோர வீடுகளுக்குள்ளயே தண்ணி புகுந்துச்சு. அந்த மாதிரி நாள்ல படித்துறையை அடைச்சிடுவாங்க. மத்த நாள்லயும் கவனம் வேணும். காவிரியில கொஞ்சம் மேலதான் ஊராட்சிக்கோட்டை கதவணை, அங்க திறந்தா இங்க தண்ணி ஏறும். குழந்தைகளை மேல்படியிலயே நிறுத்தி, சொம்புல மொண்டு ஊத்துங்க.

ஈரோட்டுக்காரர்:
படியில வழுக்கற பாசியை விட மோசம், தண்ணிக்குள்ள கிடக்கற துணிங்க. பரிகாரம் முடிஞ்சதும் உடுத்தின வேட்டி, சேலையை ஆத்துலயே விட்டுட்டுப் போயிடறாங்க. பாதி மண்ணுல புதைஞ்சு, மீதி தண்ணியில அலைஞ்சு காலைச் சுத்திக்கும். மாட்டினா உதறாதீங்க, வழுக்கிடும். குனிஞ்சு கையால எடுங்க. உங்க துணியைப் பையில கட்டி வெளியே கொண்டு வந்துடுங்க, தயவுசெஞ்சு.

திதி கொடுக்க எள்ளு, தர்ப்பை, பச்சரிசி, இலை எல்லாம் அங்கேயே கிடைக்கும். தட்சணையை உட்கார்றதுக்கு முன்னாடியே பேசிடுங்க. கோத்திரம், மூணு தலைமுறைப் பேரு எல்லாத்தையும் சீட்டுல எழுதிட்டு வாங்க. கொள்ளுப்பாட்டன் பேர் தெரியாமத்தான் பலரும் அங்க தடுமாறறாங்க.

பவானிக்காரர்:
குளிச்ச கையோட சங்கமேஸ்வரரை மட்டும் கும்பிட்டுட்டுத் திரும்பிடாதீங்க. சம்பந்தர் 'திருநணா'ன்னு பாடின தலம் இது. அதே வளாகத்துல ஆதிகேசவப் பெருமாளும் இருக்கார். வேதநாயகி அம்மனுக்கு 1804-ல கோயமுத்தூர் கலெக்டர் வில்லியம் காரோ கொடுத்த தந்தத் தொட்டில்ல அவர் கையெழுத்தே இருக்கு. மழை ராத்திரியில சின்னப் பொண்ணு ஒண்ணு அவரை எழுப்பி வெளியே கூட்டிட்டு வந்ததும் பங்களா இடிஞ்சு விழுந்துச்சாம், வந்தது அம்மன்தான்னு சொல்லுவாங்க. அவர் வெளியில நின்னே தரிசனம் பண்ண மதில்ல போட்ட துளைகளையும் கேட்டுப் பாருங்க. மூணு காலோட நிக்கற ஜுரஹரேஸ்வரருக்குக் காய்ச்சல் தீர மிளகு ரச சாதம் படைப்பாங்க.

கோவை, சேலம் பைபாஸ் பஸ் நிறைய ஊருக்குள்ள வராது, லட்சுமி நகர்லயே இறக்கிடும். ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

பவானி ஜமக்காளம் வாங்கறதா இருந்தா கைத்தறி கூட்டுறவு சங்கக் கடைக்குப் போங்க. புவிசார் குறியீடு வாங்கின சரக்கு, ஆனா அதே பேர்ல விசைத்தறி ஓட்டினதும் விக்குது. மடிச்சபடியே வாங்காம முழுசா விரிச்சுப் பாருங்க. நூல் தடிமனா, கனமா, தரையோட படிஞ்சு கிடக்கணும். முதல் தடவை தனியா அலசுங்க, சாயம் இறங்கும்.