பழைய அக்குவா வாங்கலாமா? பெற்றோலில் மிச்சம் பிடிக்கிற காசு பற்றரிக்குப் போய்விடுமா?

சாவகச்சேரியான்:
வணக்கம். கார் மாற்ற யோசிக்கிறேன், ஆளுக்கொரு கதை சொல்லிக் குழப்புகிறார்கள், அதுதான் இங்கே கேட்கிறேன். வீடு சாவகச்சேரி, வேலை யாழ்ப்பாணம் டவுனில், போக வர 30 கி.மீ. சொச்சம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் குடும்பத்தோடு கொழும்பு. எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு 12,000 கி.மீ. அளவில் வரும்.

இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2013 ரொயோட்டா அக்குவா ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டரும் அதற்கொரு பெரிய பற்றரியும் சேர்ந்தது), மீற்றர் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் காட்டுகிறது (அந்த மீற்றரை நம்பலாமா என்பது வேறு கதை). மற்றது அதே வயது ரொயோட்டா விட்ஸ், பெற்றோல் மட்டும், 1000 சிசி. அக்குவாவுக்கு ஐந்து இலட்சம் கூடக் கேட்கிறார்கள்.

மாமா ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். அவருடைய கூட்டாளி ஒருவருக்கு ஹைபிரிட் பற்றரி போய் மூன்று இலட்சம் பக்கம் செலவாம். அலுவலகத்தில் அக்குவா வைத்திருக்கிறவர்களோ லீற்றருக்கு 25 ஓடுது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்கிறார்கள். பெற்றோலில் மிச்சம் பிடித்து, கடைசியில் அதை அப்படியே பற்றரிக்குக் கொடுப்பதென்றால் எனக்கு எதற்கு இந்தத் தலையிடி? உண்மையில் பாவிக்கிறவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை_ஓட்டம்:
அக்குவாவை எடுங்கள். நான் கொழும்புக் காலி வீதியில் நாளும் பொழுதும் ஓடுகிறவன், வேலை முடிந்து ஆப்பில் வரும் வாடகை ஓட்டமும் செய்கிறேன். பின்னேரம் ஐந்தரைக்கு பம்பலப்பிட்டியில் இருந்து தெஹிவளை மட்டும் ஒருக்கால் ஓடிப் பார்த்தால் விளங்கும். சாதாரணக் கார் நின்ற இடத்திலேயே குடிக்கும், ஏசியும் போட்டால் லீற்றருக்கு 10 வந்தால் பெரிய காரியம். அக்குவாவில் சிக்னலில் நிற்கும்போது எஞ்சினும் நின்றுவிடும், பிறேக் பிடிக்கிற நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றரிக்குத் திரும்பி வரும், ஏசி கொம்பிரசர்கூட மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அதே வீதியில் எனக்கு 18 குறையாமல் கிடைக்கிறது.

12,000 கி.மீ.க்கு அவர்களுக்கு 1,200 லீற்றர், எனக்கு 667. லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் வருடத்துக்கு ஒரு இலட்சத்து அறுபதாயிரம் மிச்சம். மாமா சொன்ன அந்த மூன்று இலட்சம் இரண்டு வருடத்தில் வந்துவிடும்.

இன்னொன்று. 2022 ஜூனில் 92 ஒக்டேன் 470 ரூபாவுக்குப் போனதும், பிறகு கியூஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றருக்கு வரிசையில் நின்றதும் அதற்குள் மறந்துவிட்டதா எல்லாருக்கும்? அந்த 20 லீற்றரில் நான் கிழமை முழுக்க ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் வியாழக்கிழமையோடு காரைப் பூட்டி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றார்.

கணக்குப்பிள்ளை:
கொழும்புக் கணக்கை அப்படியே சாவகச்சேரிக்குக் கொண்டுவராதீர்கள் அண்ணை. ஹைபிரிட் மிச்சம் பிடிப்பது நின்று நின்று ஓடும் இடத்தில். ஏ9 வீதியில் கைதடி, நாவற்குழி தாண்டினால் அரியாலை மட்டும் ஒரே ஓட்டம், 60இல் போய்க்கொண்டே இருக்கலாம், பிறேக்கில் கால் வைக்கிறதே குறைவு. பிறேக் பிடிக்காவிட்டால் பற்றரிக்கு எங்கே இருந்து திரும்பி வரும்? கொழும்புப் பயணமும் அப்படித்தான், நீர்கொழும்பு நெருங்கும் மட்டும் நெரிசல் என்று பெரிதாக இல்லை.

அந்த ஓட்டத்தில் 1000 சிசி விட்ஸே 17 கொடுக்கும். அக்குவா 23 என்று வைப்போம் (25 என்பவர்கள் டாஷ்போர்ட்டில் காட்டுவதைச் சொல்கிறார்கள், தாங்கி நிரப்பிக் கணக்குப் பார்த்தால் கொஞ்சம் குறையும்). 12,000 கி.மீ.க்கு 706 லீற்றரும் 522 லீற்றரும். வித்தியாசம் 184 லீற்றர், 300 ரூபாப்படி 55,000.

இனி அந்த ஐந்து இலட்சத்துக்கு வருவோம். அதை நிலையான வைப்பில் போட்டால் 8 வீதப்படி வருடத்துக்கு 40,000 வரும். விற்கும்போது அந்த ஐந்து இலட்சம் முழுதாகத் திரும்பி வரும் என்று வைத்தாலும் உங்கள் கையில் நிற்கும் உண்மையான மிச்சம் வருடத்துக்கு 15,000தான். அதை வைத்து மூன்று இலட்சம் பற்றரிக்குச் சேர்க்க இருபது வருடம் வேண்டும், காரே அதுவரை இருக்குமோ தெரியாது. லீசிங்கில் எடுப்பதென்றால் வட்டி இன்னும் கூட, கணக்கே பார்க்க வேண்டாம்.

470 ரூபா கதை உண்மைதான். 2021 தொடக்கத்தில் அதே பெற்றோல் 137 ரூபா என்பதும் உண்மை. நெருக்கடி விலையை வைத்துப் பத்து வருடத்துக்குக் கார் வாங்கினால் எந்தக் கணக்கும் சரிவரும்.

வெள்ளவத்தை_ஓட்டம்:
எல்லாம் சரி தம்பி, விட்ஸின் சிவிரி (பெல்ட்டில் ஓடும் ஓட்டோ) கியர்பொக்ஸ் போனால் எவ்வளவு என்று ஏன் எழுதவில்லை? ஹைபிரிட் என்றால் மட்டும் பழுதுக்குக் காசு ஒதுக்க வேண்டும், மற்றக் கார் எல்லாம் சாகாவரம் பெற்றதா?

கோப்பாய்_கராஜ்:
நான் இந்த வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வெள்ளவத்தைக்காரர் சொன்னது நியாயம். அக்குவாவில் பெல்ட்டில் ஓடும் சிவிரி இல்லை, பற்சில்லுகளும் இரண்டு மோட்டரும்தான். தனி ஸ்டார்ட்டர் இல்லை, ஆல்ட்டனேற்றர் இல்லை. பிறேக் பாட் நல்ல காலம் வரும், பாதி வேலையை மோட்டரே பார்க்கிறது. மறுபக்கம், வயது போன ஹைபிரிட்டில் பிறேக் அக்சுவேற்றர் (பிறேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் பகுதி) போனால் அதுவும் சின்னச் செலவில்லை. பற்றரியை மட்டும் பூதமாகப் பார்த்துவிட்டு இதைக் கேட்காமல் வாங்குகிறார்கள்.

இனி பற்றரி. அக்குவாவில் பின் சீற்றுக்குக் கீழே 20 மொடியூல் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஆறு செல், மொத்தம் 144 வோல்ட். நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை. கம்பியூட்டர் இதை முழுதாக நிறைக்கவும் விடாது, முழுதாக இறக்கவும் விடாது, நடுவிலேயே வைத்திருக்கும், அதனால்தான் போனில் இருக்கும் பற்றரி மாதிரி இரண்டு மூன்று வருடத்தில் சாவதில்லை. இதைக் கொல்வது சூடு.

காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் அந்தப் பற்றரி குளிர்கிறது. பின் சீற்றோடு ஒட்டி ஒரு சின்னச் சல்லடைத் துவாரம் இருக்கும், அதற்கு உள்ளே ஒரு ஃபான். நமது ஊர்ச் செம்மண் தூசி, சீற் துணியின் நூல், பிள்ளைகள் கொட்டிய பிஸ்கட் தூள் எல்லாம் அதில்தான் போய் ஒட்டும். கழற்றிப் பார்த்தால் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தது மாதிரி இருக்கும், விரலால் உரித்து எடுக்கலாம். ஃபான் சுற்றும், சத்தமும் வரும், காற்று மட்டும் போகாது. அதற்கு மேலே அரிசிப் பையையும் சூட்கேசையும் ஏற்றி அடைத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடுவார்கள், பிறகு பற்றரி போய்விட்டது என்று வருவார்கள். வருடத்துக்கு ஒருக்கால் அந்த ஃபானைக் கழற்றித் துப்புரவாக்க அரை நாள் வேலைகூட இல்லை. மொடியூல்களை இணைக்கிற செப்புத் தகடுகளில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பற்றரி திறக்கிற நேரம் பார்க்க வேண்டும், கடற்கரைப் பக்கக் கார்களில் அது வரும். வீட்டில் நீங்களே திறக்க நினைக்காதீர்கள். ஒரேஞ்ச் நிற வயர் உள்ள இடமெல்லாம் ஆளைக் கொல்லும் மின்சாரம், சேர்விஸ் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு, ரப்பர் கையுறையோடு செய்கிற வேலை அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார் ஸ்டார்ட் ஆகவில்லை, திரை மங்கலாக மின்னுகிறது என்றவுடன் ஹைபிரிட் பற்றரி என்று முடிவு கட்டாதீர்கள். சாதாரண 12 வோல்ட் பற்றரி ஒன்றும் பின்னால் இருக்கிறது, பல நேரம் போவது அதுதான். கொரோனா முடக்கத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த கார்களில் இதை நிறையப் பார்த்தோம். அதற்கும் இதற்கும் விலை எங்கே இருக்கிறது!

தீவகத்தான்:
மாமா சொன்ன மாதிரிச் செலவு எனக்கு வந்தது. கார் பெயரும் கராஜ் பெயரும் வேண்டாம், அதுவும் ஒரு ஜப்பான் ஹைபிரிட்தான். டாஷ்போர்ட்டில் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் எரிந்தது, ஸ்கான் பண்ணினால் பி0ஏ80, ஹைபிரிட் பற்றரி பழுது என்கிற குறியீடு. அண்ணை, ஒரே ஒரு மொடியூல்தான் சரியில்லை, அதை மட்டும் மாற்றினால் காணும் என்றார்கள், முழுப் பற்றரியின் விலையில் கால்வாசியும் இல்லை, யாருக்குத்தான் ஆசை வராது. சில மாதத்தில் திரும்ப முக்கோணம். இந்தமுறை வேறு மொடியூலாம். மூன்றாவது தரம் மாங்குளம் தாண்டி இரவில், பிள்ளைகளும் காருக்குள். ஸ்டார்ட்டர் மோட்டர் இல்லைத்தானே, பெரிய பற்றரி மறுத்தால் எஞ்சினைக் கிளப்ப வழியே இல்லை, தள்ளிக் கிளப்பவும் ஏலாது. கடைசியில் முழுப் பற்றரிதான் போட்டேன், முன்னுக்குக் கொடுத்த காசு அத்தனையும் தண்ணீரில். ஒட்டுப்போடுகிற வேலைக்கு உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள், முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

கோப்பாய்_கராஜ்:
அதுதான் நடக்கும். பத்து வருடம் ஒன்றாக ஓடிய இருபது மொடியூலில் ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான். நடுவில் வேறு காரில் கழற்றிய ஒன்றைச் சொருகினால் அதன் கொள்ளளவு மற்றவற்றோடு சேராது, சேராவிட்டால் பலவீனமானது இன்னும் கெதியாகப் போகும். விற்றுத் தள்ள நினைக்கிறவர்கள்தான் இந்த வைத்தியத்தை விரும்பிச் செய்வார்கள். ஆகவே அண்மையில் பற்றரி செய்தது என்று விற்கிறவர் பெருமையாகச் சொன்னால், முழுதாகப் போட்டதா, ஒட்டுப்போட்டதா, பில் எங்கே என்று கேளுங்கள்.

ரொறன்ரோ_மணியன்:
இடையில் ஒன்று. இங்கே கனடாவில் 2020 மொடலில் இருந்து ரொயோட்டா ஹைபிரிட் பற்றரிக்கு 10 வருடம் அல்லது 240,000 கி.மீ. உத்தரவாதம். இங்குள்ளவர்கள் பற்றரியைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று வீடியோ போடுவது அந்தத் தைரியத்தில். 2013இல் ஜப்பானில் ஓடி, கப்பலில் வந்து, நம்மூர் வெயிலில் நின்ற காருக்கு அந்தப் பேச்சு பொருந்தாது.

நல்லூர்_பாரதி:
ஹொண்டாவின் ஹைபிரிட் கார்கள் வெசல், ஃபிட் பக்கமும் யாரும் கதைக்கவில்லையே? அவை லிதியம் பற்றரி, கியர்பொக்ஸும் இரட்டை கிளட்ச். ஃபிட் ஹைபிரிட்டை 2013இல் இறக்கி 2014 ஒக்டோபருக்குள் ஐந்து தரம் ஹொண்டா திருத்தத்துக்குத் திருப்பி அழைத்தது. சுசுக்கி வாகன் ஆர் ஹைபிரிட் என்பது வேறு சாதி, முன் சீற்றுக்குக் கீழே சின்னப் பற்றரி, கொஞ்சம் உதவி செய்யும் அவ்வளவுதான். ஹைபிரிட் என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட வேண்டாம்.

சாவகச்சேரியான்:
எல்லாருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளையின் கணக்கைப் பார்த்தபிறகு விட்ஸ் என்று முடிவெடுத்துவிட்டேன். நேற்று வீட்டில் இதைச் சொன்னால் ஒரு புதுக் கதை. மனைவிக்கு அடுத்த வருடம் கொழும்புக்கு இடமாற்றம் வரும் போல இருக்கிறது. வந்தால் நானும் போக வேண்டிவரும், கார் வெள்ளவத்தைப் பக்கம்தான் நிற்கும். அப்போது என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் நான் எழுதியதைக் கிழித்துப் போடலாம். கொழும்பில் ஓடினால் வருடத்துக்கு ஒரு இலட்சத்துக்குக் குறையாமல் மிஞ்சும், வட்டியைக் கழித்தாலும் அறுபதாயிரம் நிற்கும், வெள்ளவத்தைக்காரரின் கணக்கு சரி என்றால் இன்னும் கூட. ஐந்து வருடம் வைத்திருந்தால் ஒரு பற்றரியின் காசு. இடமாற்றக் கடிதம் வரட்டும், அதுவரை பொறுங்கள். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்தபிறகு, 2020இல் அதை நிறுத்தியபோது இருந்த அந்த அவசரம் இப்போது இல்லை, கார் ஓடிப்போய்விடாது. பேரம் பேசும்போது பற்றரி இன்னும் மாற்றாத பழையது என்றால் அந்த மூன்று இலட்சத்தை விலையில் இருந்து கழித்துத்தான் கேட்க வேண்டும். அவர் கொடுக்க மாட்டார், பாதியாவது இறங்குவார்.

கோப்பாய்_கராஜ்:
கடிதம் வருகிறதோ இல்லையோ, அந்த அக்குவாவை முதலில் ஸ்கான் பண்ணிப் பாருங்கள். நின்ற இடத்தில் பண்ணினால் எல்லாப் பற்றரியும் நல்ல பிள்ளைதான். ஏசியைக் கூட்டி வைத்து, ஒரு அரை மணி நேரம் ஓடி, நல்லா மிதித்து எடுக்கிற நேரமும் பிறேக் பிடிக்கிற நேரமும் மொடியூல் தொகுதிகளின் வோல்ட் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் நல்லது, ஒன்று மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் தனியாக விலகினால் அதுதான் அடுத்த முக்கோணம். கராஜுக்குக் கொண்டுபோக விருப்பமில்லையென்றால் சின்ன புளூடூத் ஸ்கானர் ஒன்றும் டொக்டர் பிரியஸ் ஆப்பும் இருந்தால் போனிலேயே பார்க்கலாம். சேசிஸ் நம்பரை வைத்து ஜப்பான் ஏலத் தாளையும் (அங்கே ஏலத்தில் விற்றபோது மீற்றரையும் நிலைமையையும் எழுதிய தாள்) எடுப்பியுங்கள், அந்த ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்தில் எவ்வளவு உண்மை என்று தெரியவரும். விற்கிறவர் ஸ்கானுக்கு விடமாட்டேன் என்றால் பேச்சை அதோடு விடுங்கள். விட்டால், வோல்ட் காட்டுகிற பக்கத்தை ஓட்டத்தில் எடுத்து இங்கே போடுங்கள், எண்கள் எல்லாம் தெரிகிற மாதிரி. பார்த்துச் சொல்கிறேன்.