தோட்டத்துல தனியா இருக்கற பெரியவங்களுக்கு மாத்திரை டப்பா அடுக்கிக் கொடுக்கலாமுங்களா?

தாராபுரம்_மெடிக்கல்:
நம்ம கடைக்கு வர்றவங்கள்ல நிறையப் பேர் 70 தாண்டுனவங்க. தோட்டத்துச் சாளையில தனியா இருக்கறாங்க, பிள்ளைங்க திருப்பூர், கோவை, பெங்களூருன்னு இருக்காங்க. சர்க்கரை, பிரஷர், தைராய்டு, மூட்டுவலின்னு ஆளுக்கு ஏழெட்டு மாத்திரை. மாசம் ஒருக்கா சந்தைக்கு வர்றப்ப அட்டையிலிருந்து பிரிச்சு, காலை, மதியம், ராத்திரின்னு டப்பாவுல அடுக்கிக் கொடுங்கன்னு பிள்ளைங்க போன்ல கேக்கறாங்க. செய்யலாமுங்களா? எதை டப்பாவுல போடக் கூடாது?

ஈரோடு_பார்ம்டி:
டப்பா கடைசி வேலைங்க. முதல்ல வீட்டுல இருக்கற அத்தனை மாத்திரையையும் பழைய சீட்டோட மஞ்சப்பையில போட்டுக் கொண்டு வரச் சொல்லுங்க. கவுண்டர் மேல கொட்டி, பிராண்டு பேரைப் பார்க்காம உள்ள இருக்கற மருந்தைப் பார்த்துப் பிரிங்க.

நம்ம பக்கம் அடிக்கடி சிக்கறது இதுதான்: மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வர்ற பிரஷர் மாத்திரை அம்லோடிபின் ஒரு பக்கம், பிரைவேட் டாக்டர் பிரஷருக்கே எழுதுன டெல்மிசார்டான், அம்லோடிபின் ரெண்டும் சேர்ந்த கூட்டு மாத்திரை இன்னொரு பக்கம். அட்டை வேற, நிறம் வேற, அதனால ரெண்டையும் போட்டுக்குவாங்க. கால் வீங்கும், எந்திரிச்சா தலை சுத்தும். வீக்கத்துக்குன்னு இன்னொரு டாக்டர் நீர் மாத்திரை எழுதுவார். அதோட மூட்டுவலிக்கு அசிக்ளோபினாக்கும் சேர்ந்துட்டா கிட்னிக்கு ஆபத்து. அந்த வலி மாத்திரையிலேயே பாரசிட்டமால் இருக்கும், காய்ச்சல்னு மேல அதே பாரசிட்டமால் இருக்கற டோலோ 650 வேற!

கண்டுபுடிச்சதும் நாமளா எதையும் நிறுத்தக் கூடாது. என்னென்ன சாப்பிடறாங்கன்னு ஒரே தாள்ல எழுதி, ரெட்டிப்பா வர்றதைச் சுழிச்சு, டாக்டருக்குப் போன் போட்டுப் பேசுங்க. அவர் வேண்டாம்னு சொன்னதை அன்னைக்கே பையிலிருந்து எடுத்துடணும். வீட்டுல கெடந்தா திரும்ப வாய்க்குப் போயிரும்.

கோபி_மருந்தகம்:
டப்பா விஷயத்துக்கு வர்றேன். டெல்மிசார்டான் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், சாப்பிடற நேரத்துலதான் அட்டையிலிருந்து எடுக்கோணும். வலிப்புக்குக் கொடுக்கற சோடியம் வால்ப்ரோயேட்டும் அப்படித்தான். சரி, அட்டையோடயே ஒவ்வொண்ணா வெட்டிப் போடலாம்னு தோணும். அதைச் செய்யாதீங்க. கண்ணு மங்குனவங்க அட்டைத் துண்டோட சேர்த்து முழுங்கிருவாங்க, அந்தக் கூர் முனை உணவுக்குழாயைக் கிழிச்சிரும்.

என்னைக் கேட்டா டப்பாவை விட வேளைக்கு ஒரு காகிதக் கவர் நல்லது. அட்டையை முழுசா உள்ள வெச்சு, காலைக் கவர்ல சூரியன், ராத்திரிக் கவர்ல நிலா வரைஞ்சிருங்க. 1‑0‑1ன்னு எழுதுனா காலைக்கும் ராத்திரிக்கும் ஒவ்வொண்ணுன்னு நமக்குத்தான் புரியும். பாதி அட்டையா வெட்டிக் கொடுக்கறதா இருந்தா காலாவதித் தேதி இருக்கற பக்கம் அவங்க கைக்குப் போகட்டும், இல்லைன்னா தேதியைக் கவர் மேல எழுதிக் கொடுங்க.

மூட்டு வாதத்துக்கு வாரம் ஒருக்கா போடற மெத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் தினசரி மாத்திரையோட எந்தக் காரணத்துக்கும் கலக்காதீங்க. தினம் போட்டா ரத்த அணுக்கள் இறங்கி உயிருக்கே ஆபத்து. தனிக் கவர், மேல கிழமை பேர், 4 வாரத்துக்கு வேண்டியது மட்டும். கிழமை தெரியாம போறவங்களுக்குச் சந்தை நாளையே மாத்திரை நாளா வெச்சுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

தாராபுரம்_மெடிக்கல்:
டெல்மிசார்டான் பத்தித் தெரியாம எத்தனையோ பேர் டப்பாவுல போட்டு வெச்சிருக்காங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி, பின்னாடிங்கறதை எப்படிச் சொல்லிப் புரிய வெக்கறது? காலையில எந்திரிச்சதும் எல்லாத்தையும் ஒரே மடக்குல போட்டுக்கறாங்களே.

ஈரோடு_பார்ம்டி:
"முன்னாடி"ன்னு மொட்டையா சொன்னா அரை மணி நேரமும் முன்னாடிதான், ஒரு நிமிசமும் முன்னாடிதான். மருந்துக்கு மருந்து பிரிச்சுச் சொல்லோணும்.

தைராய்டு மாத்திரை எந்திரிச்சதும் வெறும் தண்ணியில. அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காப்பி, டீ எதுவும் வேண்டாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. இந்த ஒரு அட்டையை மட்டும் தலைமாட்டுல தண்ணிச் சொம்புகிட்ட வெக்கச் சொன்னாப் போதும்.

சர்க்கரைக்குப் போடற கிளிமிபிரைடு தட்டுல சாப்பாடு போட்ட பிறகுதான். சாப்பாடு இல்லைன்னா அந்த மாத்திரையும் இல்லை. கிருத்திகை, தைப்பூசம்னு விரதம் இருப்பாங்களான்னு முன்கூட்டியே கேட்டு, அன்னைக்கு என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக் கொடுங்க. வேர்த்துக் கொட்டி, கை நடுங்குனா 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிக்கணும், 15 நிமிசத்துல தெளியலைன்னா திரும்ப ஒருக்கா. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தக் கூடாது, 108தான்.

நீர் மாத்திரையைக் காலையிலேயே முடிக்கச் சொல்லுங்க. சாளையில கக்கூஸ் வெளியில இருக்கும், ராத்திரி இருட்டுல எந்திரிச்சுப் போயித்தான் இடுப்பெலும்பை ஒடிச்சுக்கறாங்க.

பொள்ளாச்சி_ஆர்எக்ஸ்:
இன்சுலினை யாரும் சொல்லலையே. குப்பியில ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட்னு ரெண்டு வருது. சிவப்பு மூடி ஊசி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில இழுத்தா ரெண்டரை மடங்கு ஏறிரும். மாத்தி இழுத்தா பாதி கூட ஏறாது. குப்பியும் ஊசியும் ஒரே ஆள் கையால ஒண்ணா கொடுங்க, உங்க முன்னாடியே இழுத்துக் காட்டச் சொல்லுங்க. பிரிக்காத குப்பி பிரிட்ஜ் கதவுல இருக்கட்டும், பிரீசர்ல உறைஞ்சது குப்பைக்குத்தான். பிரிச்ச தேதியை எழுதி ஒட்டுங்க, பெரும்பாலான வகைக்கு 28 நாள் கணக்கு. பிரிட்ஜ் இல்லாத சாளைன்னா குப்பியைப் பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, ஈர மணல் நெரப்புன மண்பானைக்குள்ள நிழல்ல வெக்கலாம்.

அப்புறம் மூச்சுக்குக் கொடுக்கற ரோட்டாகேப், கருவியில போட்டு உறிஞ்சற பொடி இருக்கற கேப்சூல். அதைத் தண்ணி ஊத்தி முழுங்கறவங்க இன்னமும் இருக்காங்க. மாத்திரைக் கவருக்குள்ள போடாம, உறிஞ்சற கருவியோட ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுங்க.