கல்லூரி வளாகத்தின் கார்பன் உமிழ்வுக் கணக்கு அறிக்கையில் உங்களை இன்னும் உறுத்தும் ஒரு வரி எது?

மரநிழல்

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வருமுன் அவசரமாகத் தயாரான ஒரு கலைக் கல்லூரியின் கிரீன் ஆடிட் அறிக்கை. ஸ்கோப் 1 (நேரடி உமிழ்வு), 2 (வாங்கும் மின்சாரம்), 3 (மற்ற மறைமுக உமிழ்வு) என்ற பிரிப்பெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேராகக் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். "மொத்த உமிழ்வு 910 டன். 1,200 மரங்கள் ஈர்ப்பது 996 டன். ஆகவே வளாகம் கார்பன் நெகட்டிவ்."

அந்த 996-ஐப் பிரித்துப் பாருங்கள். சராசரி மரம் விட்டம் 30 செ.மீ., உயரம் 12 மீட்டர், மர அடர்த்தி 0.65. மரத்தின் எடையைக் கணிக்கும் சாவே 2014 சூத்திரத்தில் போட்டால் தரைக்கு மேல் உலர் எடை 382 கிலோ. வேருக்கு 26 சதவீதம் சேர்த்தால் 481. அதில் கார்பன் 0.47 பங்கு, 44/12-ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு சுமார் 830 கிலோ. 1,200 மரத்துக்கு 996 டன். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அது மரம் முளைத்த நாளிலிருந்து சேர்த்துவைத்த இருப்பு. எதிரே நிற்கும் 910 டன்னோ ஒரே ஆண்டின் உமிழ்வு. பாஸ்புக்கின் மொத்த இருப்பை இந்த மாதச் சம்பளம் என்று காட்டுவது போல.

அதே மரம் இரண்டு ஆண்டில் 31 செ.மீ., 12.2 மீட்டர் ஆனால் இருப்பு 899 கிலோ. கூடியது 69, ஆண்டுக்கு 35 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 1,200 மரத்துக்கு ஏறக்குறைய 42 டன். கழிக்கலாம் என்றால் இதைத்தான். பட்டுப்போனதும் வெட்டியதும் இதிலிருந்தும் போகும்.

மறு ஆண்டு அறிக்கையிலும் அதே 996 இருந்தது.

மீட்டர்_ரூம்

எனக்கு உறுத்துவது சோலார். கூரையில் பேனல் போட்ட ஒரு பொறியியல் கல்லூரி. ஈ.பி. பில் யூனிட்டிலிருந்து இன்வெர்ட்டர் காட்டிய மொத்த உற்பத்தியைக் கழித்துவிட்டு, மீதிக்கு உமிழ்வு போட்டிருந்தார்கள். பகலில் வளாகமே எரித்த சோலார் யூனிட் ஈ.பி. மீட்டருக்குள் நுழைவதே இல்லை. பில் ஏற்கெனவே குறைந்துதான் வருகிறது. அதை மறுபடி கழித்தால் இரட்டைத் தள்ளுபடி. பில்லின் இம்போர்ட் யூனிட்டை அப்படியே எடுங்கள். கிரிட்டுக்கு அனுப்பிய எக்ஸ்போர்ட் யூனிட்டைத் தனி வரியாகக் காட்டுங்கள்.

ஜெனரேட்டரில் இதற்கு நேர் எதிர்த் தவறு நடக்கும். மெயின் பேனல் சப் மீட்டர் ஈ.பி., ஜெனரேட்டர் இரண்டையும் சேர்த்து எண்ணும். அந்த யூனிட்டுக்குக் கிரிட் காரணி (ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ உமிழ்வு என்ற எண்) போட்டு, டீசலுக்கு லிட்டருக்கு 2.68 கிலோவும் போட்டால் ஒரே மின்சாரம் இரண்டு தடவை வந்துவிடும். டீசலுக்கும் வாங்கிய பில்லை மட்டும் கூட்டாதீர்கள். ஏப்ரல் 1 அன்று டேங்கில் இருந்தது, வாங்கியது இரண்டையும் கூட்டி, மார்ச் 31 அன்று மிஞ்சியதைக் கழியுங்கள். லிட்டருக்கு 3 முதல் 3.5 யூனிட் வருகிறதா என்று ஒத்துப்பாருங்கள். 5 வந்தால் லாக் புக் பொய் சொல்கிறது.

காரணி எங்கே எடுப்பது என்று யாராவது கேட்பார்கள். மத்திய மின்சார ஆணையத்தின் கார்பன் டை ஆக்சைடு தரவுத்தளம், பதிப்பு 20, 2023-24: யூனிட்டுக்கு 0.727 கிலோ. இன்னும் 0.82 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 10 லட்சம் யூனிட்டுக்கு 93 டன் வித்தியாசம்.

கேஸ்சார்ஜ்

ஏசி பத்தி யாருமே பேசல. ஒரு கம்ப்யூட்டர் லேப் பிளாக்கோட சர்வீஸ் பில்: "கேஸ் சார்ஜிங் - 1 நாஸ்", அதாவது எண்ணிக்கை ஒண்ணு. அவ்வளவுதான். எந்த கேஸ், எத்தனை கிலோ, ஒண்ணும் இல்ல. ஆடிட்டர் அந்த வரிய பாத்துட்டு "ரெஃப்ரிஜரென்ட் (குளிரூட்டும் வாயு): புறக்கணிக்கத்தக்கது"ன்னு எழுதிட்டார்.

புறக்கணிக்கத்தக்கதா? ஆர்-410ஏ வாயு போட்ட மெஷின் ஒண்ணு 1.2 கிலோ முழுசா லீக் ஆச்சுன்னு வைங்க. ஐ.நா. காலநிலைக் குழுவோட (ஐபிசிசி) ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கைப்படி புவி வெப்பமாக்கல் மதிப்பு 1,924, அதாவது ஒரு கிலோ 1,924 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 2.3 டன் ஆச்சு. 860 லிட்டர் டீசல் எரிச்சதுக்குச் சமம். அதே 1.2 கிலோ ஆர்-32 (மதிப்பு 677) போயிருந்தா 0.8 டன்தான்.

இன்னொண்ணு. 410ஏ ரெண்டு வாயு கலந்தது. அதனால பாதி லீக் ஆன மெஷின்ல டாப் அப் பண்ணாம, மிச்சத்த வெளிய விட்டுட்டு முழு சார்ஜ் அடிக்கிற பழக்கம் இருக்கு. வெளிய விட்டதும் உங்க ஸ்கோப் 1 கணக்குதான். ஆக, அடிச்ச எடைய மொத்தமா எழுதணும். சிலிண்டர அடிக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தராசுல வைக்கச் சொல்லுங்க. ஒர்க் ஆர்டர்லயே "கேஸ் வகை, கிலோ, மெஷின் எண் இல்லாம பில் பாஸ் ஆகாது"ன்னு போட்டா தானா எழுதுவாங்க. பழைய ஆர்-22 மெஷின் இருந்தா அத ஸ்கோப்புக்கு வெளிய தனியா காட்டணும், ஓசோன் படலத்தக் காக்கிற மாண்ட்ரியல் உடன்படிக்கைல வர்ற வாயு அது. தனியா காட்டுன்னா விட்டுடுன்னு அர்த்தம் இல்ல.

வெர்மான்ட்_பனி

மரநிழல் சார், மரத்தைக் கழிப்பதே தவறு என்பது போல எழுதியிருக்கிறீர்களே. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் உள்ள மிடில்பரி கல்லூரி 2016-இல் கார்பன் சமநிலை அறிவித்தபோது, மிச்ச உமிழ்வுக்கு எதிராக வைத்தது தன்னுடைய பிரெட் லோஃப் காட்டைத்தான், சுமார் 2,100 ஏக்கர். அதற்கு முன் 2009-லேயே மரச் சில்லு எரிக்கும் வாயுவாக்கி ஆலை வைத்துக் கொதிகலன் எண்ணெயைக் குறைத்தார்கள். காடு கணக்கில் வரலாம்.

மரநிழல்

வரலாம். கழிக்காதே என்று நான் சொல்லவில்லை, இருப்பைக் கழிக்காதே என்றேன். நீங்கள் சொல்லும் காடு நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட்டது. நம் ஊர் வளாகத்தில் புது பிளாக் கட்ட ஒரே வாரத்தில் ஒரு வரிசை வேம்பு போய்விடும். மரச் சில்லு எரிப்பதைச் சுழியம் என்று வைப்பதும் விவாதத்துக்கு உரியது. உமிழ்வுக் கணக்கு நெறிமுறைப்படி (ஜிஹெச்ஜி புரோட்டோகால்) அந்தக் கார்பன் டை ஆக்சைடு ஸ்கோப்புக்கு வெளியே தனி வரியாக வரவேண்டும். அதிலிருந்து எழும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1-லேயே வரும். விறகு அடுப்பு வைத்திருக்கும் விடுதி மெஸ்களுக்கும் இதே விதிதான்.

அளக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டேப்பில் கிடைப்பது சுற்றளவு. அதை 3.14-ஆல் வகுக்காமல் விட்டம் என்று போட்டால் எடை ஒன்பது மடங்குக்கு மேல் ஏறும். தரையிலிருந்து 1.37 மீட்டரில் அளந்து, அதே இடத்தில் பெயின்ட் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது அளவை வேறு உயரத்தில் எடுத்து, வளராத மரத்தை வளர்த்துவிடுவீர்கள். தென்னை, பனைக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது. அவை பக்கவாட்டில் பருப்பதில்லை.

ஆறாம்நம்பர்_பஸ்

மாணவர் போக்குவரத்து. கூகுள் ஃபார்மில் "கல்லூரிக்கு எவ்வளவு தூரம்" என்று ஒரே கேள்வி. பாதிப் பேர் ஒரு வழி தூரம், மீதிப் பேர் போய்வரும் தூரம். அதை 365-ஆல் பெருக்கியிருந்தார்கள்!

கேள்வி இப்படி இருக்கட்டும்: ஒரு வழி கிலோமீட்டர், வாரத்தில் எத்தனை நாள், எந்த வண்டி, கூட எத்தனை பேர். 45 கி.மீ. மைலேஜ் தரும் பைக் கிலோமீட்டருக்கு 51 கிராம். லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் பஸ் 670 கிராம், 45 பேர் இருந்தால் ஆளுக்கு 15. கல்லூரியே ஓட்டும் பஸ்ஸின் டீசல் ஸ்கோப் 1-இல் வந்துவிட்டால் அந்த மாணவர்களை ஸ்கோப் 3-இல் மறுபடி எண்ணாதீர்கள். கான்ட்ராக்ட் பஸ் என்றால் ஸ்கோப் 3.

கிரெடிட்_பெட்டி

மரமும் வேண்டாம், வேறொருவர் குறைத்த உமிழ்வைக் கார்பன் கிரெடிட்டாக வாங்கிவிடலாம் என்று போன ஒரு நிர்வாகம். கையில் இருந்தது ஒரு பளபளப்பான சான்றிதழ் மட்டும். தொடர் எண் இல்லை, எந்தப் பதிவேடு என்று இல்லை, "ரிடயர்டு" (பயன்படுத்தி முடித்தது, இனி விற்க முடியாது) என்ற சொல் எங்கும் இல்லை. அதாவது அந்த கிரெடிட்டை வேறு யாருக்கும் இன்னொரு முறை விற்கலாம்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். கிரெடிட்டுகளைப் பதியும் வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்ட் இரண்டின் பதிவேடும் பொதுவில் திறந்திருக்கிறது. திட்ட எண்ணைப் போட்டுத் தேடி, உங்கள் தொடர் எண் வரம்பு ரிடயர் ஆகியிருக்கிறதா, பயனாளி இடத்தில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா, எந்த ஆண்டு உமிழ்வுக்கு என்று குறித்திருக்கிறதா, மூன்றையும் பாருங்கள். அடுத்து, திட்டம் என்ன வகை? மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி பழைய காற்றாலை, சோலார் கிரெடிட். அந்தக் காற்றாலை, கிரெடிட் பணம் இல்லாவிட்டாலும் நின்றிருக்கும் என்பதுதான் சிக்கல். தன்னார்வச் சந்தையின் நேர்மைக் குழுவான ஐசிவிசிஎம் 2024 ஆகஸ்டில், இருந்த புதுப்பிக்கத்தக்க மின்சார வழிமுறைகளுக்குத் தன் தரமுத்திரை கிடையாது என்று சொல்லிவிட்டது.

ஒப்பிட, டியூக் பல்கலைக்கழகம் 2011-இல் டியூக் எனர்ஜி, கூகுளுடன் சேர்ந்து வட கரோலினாவின் யாட்கின் மாவட்டத்தில் லாய்டு ரே பன்றிப் பண்ணைக் கழிவுக் குட்டையை மூடி, மீத்தேனைப் பிடித்து 65 கிலோவாட் மைக்ரோடர்பைனில் எரித்தது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், எரித்தால் 2.75 கிலோதான் வெளிவரும், அதுவும் உயிர்ம மூலத்தது. குழாயில் மீட்டர் வைத்து அளக்கலாம். மரத்தைப் போலப் புயலில் விழாது. நம் விடுதிகளின் சாண எரிவாயுக் கலனுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும், கலன் கசியாமல் இருந்தால். மூடியிலும் குழாய் இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். விடுமுறையில் எரிக்க ஆளில்லாமல் வாயுவைத் திறந்துவிட்டால் ஆதாயம் தலைகீழாகும். மிஞ்சும் வாயுவை எரித்துவிடும் ஒரு சின்ன ஃப்ளேர் அவசியம்.

வாங்குவது கடைசி வேலை. முதலில் ஏசி கேஸ் பில்லைச் சரிசெய்யுங்கள், அது இலவசம்.

தரவுத்தாள்

மீட்டர்_ரூம், 0.82-ஐ வெறும் பழைய எண் என்று தள்ளாதீர்கள். அது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைச் சேர்க்காத சராசரி, 0.727 சேர்த்தது. இடம் சார்ந்த (கிரிட்டின் சராசரியால் கணக்கிடும்) ஸ்கோப் 2-க்குச் சேர்த்ததுதான் சரி, அதில் சண்டையில்லை. ஆனால் அடிப்படை ஆண்டுக்கு 0.82, இந்த ஆண்டுக்கு 0.727 என்று போட்டுவிட்டு "மின் உமிழ்வு 11 சதவீதம் குறைத்தோம்" என்று போர்டு வைத்த இடம் உண்டு. ஒரு ஃபேன்கூட நிற்கவில்லை. அடிப்படை ஆண்டையும் அந்த ஆண்டுக்குரிய, சேர்த்த சராசரிக்கு மாற்றிப் போட்டுவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

மீட்டர்_ரூம்

ஒத்துக்கொள்கிறேன். வீலிங் (கிரிட் கம்பி வழியே கொண்டுவரும்) காற்றாலை யூனிட் வாங்கும் கல்லூரிகள் இருந்தால் அதற்கும் இடம் சார்ந்த எண், சந்தை சார்ந்த (ஒப்பந்தப்படி வாங்கிய மின்சாரத்தால் கணக்கிடும்) எண் என்று இரண்டு வரி போடுங்கள். முதல் வரியில் அந்த யூனிட்டுக்கும் 0.727 உண்டு. இரண்டாவதில் சுழியம் போடும் முன், அந்த மின்சாரத்தின் ஆர்.இ.சி.யை (புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழை) காற்றாலைக்காரர் வேறு யாருக்காவது விற்றிருக்கிறாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.