அவுட்டோர் யூனிட்டைக் கழுவ சன்ஷேடில் இறங்க இடுப்புக் கயிறு போதுமா?

கேள்வி:
மூன்றாம் மாடி, 1.5 டன் ஸ்பிளிட் ஏசி. அவுட்டோர் யூனிட் வெளிச்சுவரில் பிராக்கெட் மேல் நிற்கிறது, பால்கனி கிடையாது. குளிர் குறைந்துவிட்டது. மெக்கானிக் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை ஜன்னல் கிரில்லில் முடிந்து சன்ஷேடில் இறங்குவதாகச் சொல்கிறார். விடலாமா?

பதில் 1:
தயவுசெய்து விடாதீர்கள். விழும்போது இடுப்புக் கயிறு மொத்த வேகத்தையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் வாங்கும், தலைகீழாகவும் புரட்டும். உடல் முழுவதும் பிடிக்கும் ஹார்னஸ்தான் வேண்டும், கொக்கி முதுகிலுள்ள டி-வளையத்தில் மாட்ட வேண்டும். கிரில், பிராக்கெட், தண்ணீர்க் குழாய் எதுவும் ஆங்கர் (கயிற்றின் மறுமுனையை மாட்டும் பிடிமானம்) ஆகாது. ஓர் ஆளுக்கான ஆங்கர் சுமார் 22 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன்னுக்கு மேல் இழுவை தாங்க வேண்டும் என்பது பரவலான விதி. கான்கிரீட் பீம் அல்லது தூணைத்தான் நம்பலாம்.

பதில் 2:
ஆள் இறங்குவதற்கு முன் உள்ளேயே பாருங்கள். ஃபில்டரைக் கழுவி மாட்டி, 15 நிமிடம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரில் அளங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் பெரும்பாலும் சரி. இன்டோர் காயிலில் ஐஸ் பிடித்தால் ஒன்று காற்றோட்டம் அடைபட்டிருக்கும், இல்லை கேஸ் (ஏசியைக் குளிர வைக்கும் வாயு) குறைந்திருக்கும். கொஞ்ச நேரம் குளிர்ந்து, பிறகு வெறும் காற்று, மறுபடி குளிர் என்று மாறி மாறி வந்தால் வெளிக் காயிலில் அழுக்கு அடைத்துக் கம்ப்ரசர் சூடாகி நிற்கிறதோ என்று சந்தேகிக்கலாம். அதற்கும் கேஸ் வேலைக்கும் மட்டுமே வெளியே போக வேண்டிவரும்.

கேள்வி கேட்டவர்:
ஹார்னஸும், அதை ஆங்கரோடு இணைக்கும் 1.8 மீட்டர் கயிறான லேன்யார்டும் கொண்டுவந்தால்?

பதில் 1:
கணக்குப் போடுங்கள். லேன்யார்டு 1.8, விழும் வேகத்தை வாங்க அதிலுள்ள அதிர்வு உறிஞ்சி விரிவது சுமார் 1.1, டி-வளையத்திலிருந்து கால்வரை 1.5, கூடுதல் இடைவெளி 1. ஆங்கருக்குக் கீழே 5.4 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். கீழ்மாடி சன்ஷேடோ 3 மீட்டரிலேயே இருக்கும். கயிறு பிடிப்பதற்குள் அதில் மோதிவிடுவார். அதனால் ஆங்கர் தோளுக்கு மேலே, லேன்யார்டுக்குப் பதில் விழுந்தவுடன் பூட்டிக்கொள்ளும் சுருள் லைன் வேண்டும். கயிறு சுவர் விளிம்பில் உரசும் இடத்தில் தடித்த திண்டு வையுங்கள். சன்ஷேடே உடையலாம், அதில் எடை வைக்காமல் ஏணி மேடையோ சாரமோ போட்டால் இன்னும் நல்லது.

பதில் 3:
இரண்டு சேர்க்கிறேன். மெயின் பிரேக்கரை அணைத்த பிறகும் அவுட்டோர் யூனிட்டில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்; அந்த அதிர்ச்சியே ஆளைத் தள்ளிவிடும். டிஸ்சார்ஜ் செய்யாமல், அதாவது அந்த மின்சாரத்தை வெளியேற்றாமல், கை வைக்கக் கூடாது. மற்றது, ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவரின் ரத்தம் காலிலேயே தேங்கிவிடும், சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். அவரை எப்படி மேலே இழுப்பது, யார் இழுப்பது என்பதை அவர் ஜன்னலைத் தாண்டும் முன்பே முடிவு செய்யுங்கள்.