'விபத்தில்லா மணி நேரம்' போர்டை வைத்து ஒரு சைட்டை எடை போடலாமா?

ஹெப்பாள் சேஃப்டி
வணக்கம். வடக்கு பெங்களூரில் ஒரு அடுக்குமாடி வேலையில் சேஃப்டி பிரிவில் இருக்கிறேன். போன வாரம் எங்கள் கேட்டில் எல்லாருடைய வேலை நேரத்தையும் கூட்டி 'விபத்தில்லா 10 லட்சம் மணி நேரம்' என்று போர்டு மாட்டிக் கேக் வெட்டினார்கள். அதே வாரம் கம்பி வளைக்கும் ஒரு பார் பெண்டர் தம்பிக்குக் காலில் கம்பி குத்தித் தையல் போட்டார்கள். மறுநாள் காலை அவரை வண்டியில் கூட்டிவந்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். ஆள் வேலைக்கு வந்தாகிவிட்டது, அதனால் கணக்கில் வராது.

1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம், காயம்பட்டவர் 48 மணி நேரம் வேலை செய்ய முடியாமல் போனால் அறிவிக்க வேண்டும் என்றது. இப்போது அதற்குப் பதில் 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. ஆனாலும் சைட்டில் எல்லாரும் அந்த 48 மணி நேரத்தைச் சுற்றித்தான் விளையாடுகிறார்கள். விபத்து எண்ணிக்கையை வைத்து பரிசு, பதவி உயர்வு, டெண்டர் மதிப்பெண் எதுவும் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் வாருங்கள்.

சர்ஜாபூர் பி.எம்.
மறுக்கிறேன் சார். வரி ஏய்க்கிறார்கள் என்பதற்காக வரியையே எடுத்துவிடுவோமா? மறைப்பவரைப் பிடியுங்கள், எண்ணுவதை நிறுத்தாதீர்கள்.

நான் ப்ராஜெக்ட் மேனேஜர். மூன்று காண்ட்ராக்டர்கள் கொட்டேஷன் கொடுத்தால், மூவரையும் ஒரே அளவுகோலில் நிறுத்த எனக்கு ஒரு எண் வேண்டும். ஐ.எஸ். 3786 என்ற இந்தியத் தர விதி அதைத்தான் தருகிறது: 10 லட்சம் மனித மணி நேரத்துக்கு எத்தனை காயம், எத்தனை நாள் இழப்பு. ஒரு சாவை 6,000 நாள் இழப்பாகக் கணக்கிடச் சொல்கிறது. தையலை மறைக்கலாம். சாவை யாரும் ஸ்டோரில் உட்கார வைக்க முடியாது.

இன்னொன்று. எண்ணிக்கைக்குப் பதில் நீங்கள் கேட்கப்போவது நியர் மிஸ் (மயிரிழையில் தப்பிய சம்பவம்) அறிக்கை, டூல் பாக்ஸ் டாக் (வேலைக்கு முன் சேஃப்டி பேச்சு) பதிவேடு, பயிற்சி மணி நேரம். மாதத்துக்கு இத்தனை நியர் மிஸ் என்று இலக்கு வைத்த சைட்டில், மாதக் கடைசி ராத்திரி உட்கார்ந்து கற்பனையாக எழுதினதை நானே பார்த்திருக்கிறேன். அதை விட விபத்து எண்ணிக்கை எவ்வளவோ நேர்மையானது.

எண்கணக்கு
நான் கட்டுமானத்துறை இல்லை, புள்ளியியல் படித்தவள். மறைப்பதை ஒதுக்கிவிடுங்கள். எல்லாரும் யோக்கியமாக எழுதினாலும் அந்த எண் ஒரு சைட்டில் எதையும் சொல்லாது.

300 பேர், தினம் 10 மணி நேரம், மாதம் 26 நாள். ஒரு காலாண்டுக்கு 2.34 லட்சம் மணி நேரம். ஒரு சைட்டின் உண்மையான ஆபத்து 10 லட்சம் மணி நேரத்துக்கு 1 விபத்து என்று வையுங்கள். இன்னொரு சைட் அதைப் போல இரண்டு மடங்கு மோசம். முதல் சைட்டில் காலாண்டு முழுக்க விபத்தே வராமல் இருக்க வாய்ப்பு 79 சதவீதம். மோசமான சைட்டில் 63 சதவீதம். காலாண்டுப் பரிசு கொடுத்தால் மோசமான சைட்டும் மூன்றில் இரண்டு முறை கிட்டத்தட்ட வாங்கிவிடும். ஹெப்பாள் அண்ணன் சொன்ன 10 லட்சம் மணி நேர போர்டும் அப்படித்தான். உண்மை விகிதம் 3 வரை இருந்தாலும் அந்த பூஜ்யம் தற்செயலாக வரலாம்.

அமெரிக்காவில் பெரிய கட்டுமான நிறுவனங்களின் 17 வருடத் தரவை எடுத்து 2020இல் ஒரு ஆய்வு வந்தது. பதிவான காய விகிதம் ஏறுவதிலும் இறங்குவதிலும் 96 முதல் 98 சதவீதம் தற்செயல் என்று அது முடிவு சொன்னது.

ஆனால் பி.எம். சார் சொல்வதிலும் ஒரு பாதி சரி. ஒரு நிறுவனத்தின் எல்லா சைட்டையும் சேர்த்து 1 கோடி மணி நேரம் வந்தால், ஒருவருக்கு 10, இன்னொருவருக்கு 20 என்று வித்தியாசம் தெரியத் தொடங்கும். சைட்டுக்குப் பயன்படாத எண் நிறுவனத்துக்குப் பயன்படும்.

தர்மபுரி சென்ட்ரிங்
அண்ணன்மாரே, நான் பாலக்கோடு பக்கம். கே.ஆர். புரத்தில் தங்கி, காங்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரியாக இருக்கிறேன். உங்கள் கணக்கு எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் பரிசு என்ன செய்யும் என்று தெரியும். ஒரு சைட்டில் மாதம் முழுக்க அடிபடாமல் இருந்தால் கேங்குக்குப் பணம் என்றார்கள். ஒரு பையன் விரல் நசுங்கியது. அவன் கேங்கே அவனைத் திட்டித் தீர்த்தது. துணியைச் சுற்றிக்கொண்டு ராத்திரி ரயில் ஏறிவிட்டான். அவன் உங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

காயம் பட்ட நாளுக்குக் கூலி இல்லை என்கிறபோது எங்களுக்கே மறைக்கத்தான் தோன்றும்.

அளக்க வேண்டும் என்றால் ஒன்றை எண்ணுங்கள். பெல்ட் கொடுக்கிறீர்கள். ஸ்லாப் ஓரத்தில் கடைசிப் பலகையைப் பிரிக்கும்போது கொக்கியை எதில் மாட்டுவது? பாதி இடத்தில் மாட்டவே ஒன்றும் இருக்காது. போட்டோ எடுக்க வருகிறபோது சாரக் குழாயில் மாட்டிக் காட்டுவோம். சாரமே ஆடும்.

ஹெப்பாள் சேஃப்டி
மேஸ்திரி அண்ணன் சொன்னதுதான் நான் தேடும் அளவு. பி.எம். சார், நான் பதிவேடுகளைக் கேட்கவில்லை. பின்லாந்தில் 1990களில் டி.ஆர். என்று ஒரு முறை உருவாக்கினார்கள். வாரம் ஒருமுறை சைட் முழுக்க நடந்து, கண்ணில் படுவதையெல்லாம் சரி, தவறு என்று மட்டும் குறிப்பார்கள். சாரம், ஏணி, விழும் ஓரம், மின்சாரம், இயந்திரம், ஆட்கள் வேலை செய்யும் விதம், தரையில் ஒழுங்கு. சரியானவற்றை மொத்தத்தால் வகுத்தால் சதவீதம். ஒரே நடையில் நூற்றுக்கணக்கான பதிவு கிடைப்பதால், ஒரு காலாண்டுக்கு ஒரு விபத்தை எதிர்பார்த்து உட்கார வேண்டியதில்லை. போன வாரம் 70, இந்த வாரம் 82 என்றால் அது ஏதோ சொல்கிறது.

2023 ஜனவரியில் நாகவாரா பக்கம் மெட்ரோ தூணுக்கான கம்பிக்கூண்டு ரோட்டில் சாய்ந்து ஒரு தாயும் குழந்தையும் இறந்தார்களே, அவர்கள் தொழிலாளர்கள் இல்லை. தொழிலாளர் காய விகிதத்தில் அந்த இரண்டு உயிர் வரவே வராது. உயரமான கூண்டை நிறுத்தினால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கிறதா என்பதை முந்தின நாளே நடந்து பார்த்து எண்ணலாம்.

சர்ஜாபூர் பி.எம்.
யார் நடப்பது? உங்கள் சம்பளம் காண்ட்ராக்டரிடமிருந்து வருகிறது. உங்கள் சதவீதம் 95க்குக் கீழே இறங்காது. நியர் மிஸ் கதைதான் மறுபடியும்.

ஹெப்பாள் சேஃப்டி
நியாயமான கேள்வி. நான் நடக்கக் கூடாது. அதே கம்பெனியின் வேறு சைட்டிலிருந்து ஒருவர், கூடவே கிளையண்ட் தரப்பு ஆள் ஒருவர். எந்த மாடி, எந்த மூலை என்பதை அன்று காலை சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். ஒவ்வொரு 'தவறு'க்கும் போட்டோ. சதவீதத்தோடு பரிசுப் பணத்தை முடிச்சுப் போடாதீர்கள். கண்ட ஓட்டை எத்தனை மணி நேரத்தில் மூடப்பட்டது என்பதை மட்டும் கேளுங்கள்.

கவிதா ஸ்ட்ரக்சுரல்
இரண்டு பேருமே சைட்டிலேயே நிற்கிறீர்கள். மேஸ்திரி கேட்ட கொக்கி இடம் டிசைனரின் வேலை. தூணுக்கு காங்கிரீட் போடும்போதே ஸ்லீவ், அதாவது ஒரு குழாய்த் துளை, விட்டால், ஓரத்தில் பெல்ட் கொக்கியை மாட்டும் லைஃப்லைன் கயிறு கட்டுவது அரை மணி வேலை. குழாய்கள் மேலேறும் டக்ட் ஓட்டையில் கம்பி வலையை அறுக்காமல் விட்டு, குழாய் வரும்போது மட்டும் அறுத்தால் ஆள் விழ வழியே இல்லை. பிரிட்டனில் 1994லேயே டிசைனருக்கும் சட்டப் பொறுப்பு கொடுத்தார்கள். இங்கே என் டிராயிங்கில் ஸ்லீவ் போட்டால், கிளையண்ட் ஏன் இந்தச் செலவு என்று அதைக் கோடு போட்டு அடித்துவிடுகிறார். அளவு எடுப்பதானால் டிராயிங்கிலிருந்தே தொடங்குங்கள்: எத்தனை ஓட்டை, எத்தனை ஓரம், எத்தனைக்கு ஏற்பாடு வரைந்திருக்கிறது.

சர்ஜாபூர் பி.எம்.
மேடம், அடிப்பது நாங்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். காரணம் சதுர அடி ரேட். சேஃப்டி செலவு ரேட்டுக்குள் ஒளிந்திருக்கும் வரை, குறைத்துப் போட்டவருக்கு வேலை கிடைக்கும்.

ஹெப்பாள் சேஃப்டி
அதற்கும் வழி இருக்கிறது சார். ஹாங்காங் அரசு வேலைகளில் 1996 முதல் சேஃப்டி ஐட்டங்களைப் போட்டி விலைக்கு வெளியே எடுத்து, ஒப்பந்தத் தொகையில் சுமார் 2 சதவீதத்தைத் தனியாக வைத்தார்கள். செய்தால் பணம், செய்யாவிட்டால் இல்லை. குறைத்துப் போட்டு ஜெயிக்க அங்கே இடமில்லை. நம் பில்லில் ஷட்டரிங்குக்குத் தனி ஐட்டம் இருக்கிறது, ஓரத் தடுப்புக்கு ஏன் இருக்கக் கூடாது?

சர்ஜாபூர் பி.எம்.
தனி ஐட்டத்துக்கு நான் எதிரி இல்லை. அடுத்த டவர் டெண்டரில் எட்ஜ் ரெயில், வலை, லைஃப்லைன் மூன்றையும் நிலையான விலையில் போடச் சொல்லிக் கேட்கிறேன். விபத்து எண்ணிக்கையை கேங்க் பரிசிலிருந்து எடுக்கவும் சம்மதம். ஆனால் காண்ட்ராக்டர் தகுதிப் படிவத்தில் நிறுவன அளவில் மூன்று வருட எண்ணிக்கையும் சாவும் கண்டிப்பாக இருக்கும். எண்கணக்கு மேடமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்.

ஹெப்பாள் சேஃப்டி
சாவு எண்ணிக்கைக்குச் சரி. காய விகிதத்துக்கு இன்னும் இல்லை. தகுதிப் படிவத்தில் அது இருக்கும் வரை, மேலே இருப்பவர்கள் எங்களிடம் மறைக்கத்தான் சொல்வார்கள்.

தர்மபுரி சென்ட்ரிங்
நடக்க வருகிறவர் எங்களிடமும் பேசட்டும். இந்தி தெரிந்தவராக வரட்டும், என் கேங்கில் பாதிப் பேர் பிகார் பையன்கள். அப்புறம், காயம்பட்ட நாள் கூலி பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே.

சர்ஜாபூர் பி.எம்.
1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் மூன்று நாளுக்கு மேல் முடங்கினால்தான் பணம் என்று இருந்தது. அந்த முதல் மூன்று நாள்தான் உங்கள் பிரச்சினை என்று புரிகிறது. சப் காண்ட்ராக்டர் வேலை ஆணையில், காயம் பதிவானால் அந்த மூன்று நாள் கூலியைக் கிளையண்ட் கணக்கில் கொடுப்பதாக ஒரு வரி சேர்க்கக் கேட்டுப் பார்க்கிறேன். எங்கள் அக்கவுண்ட்ஸ் சம்மதிக்குமா என்று இப்போது சொல்ல முடியாது.