பெரிய வீட்டுல ராத்திரி என்ன சத்தம்?

குரூப்: கோத்தகிரி பெரிய வீடு

லதா: எல்லாரும் கொஞ்சம் பாருங்க. தரகர் போன் பண்ணாரு. நம்ம கோத்தகிரி வீட்டு மாடில ராத்திரி பொம்பளை கத்துற சத்தம் கேக்குதுன்னு மாப்பிள்ளை வீட்டுக்கு யாரோ சொல்லியிருக்காங்க

லதா: ஞாயித்துக்கிழமை திவ்யாவ பொண்ணு பாக்க வர்றாங்க. இப்பப் போய் இப்படி

பாபு: யார் சொன்னது

லதா: கீழ்த் தெருவுல அவங்களுக்கு ஒரு சொந்தம் இருக்காம். பியானோ கேக்குது, கண்ணாடி உடையுது, நடு ராத்திரி காக்கா கத்துதுன்னு வரிசையா சொல்லிருக்காங்க

ரவி: நம்ம வீட்டுல ஏது பியானோ

ரவி: கரடியா இருக்கும். கோயிலுக்குள்ள விளக்குல இருந்த எண்ணெய குடிக்க வந்துச்சே

செல்வி: கரடி பியானோ வாசிக்குமா பெரியண்ணா

ரவி: கன்னேரிமுக்கு சல்லிவன் பங்களா 1819ல வந்த வெள்ளைக்காரரோடது. அங்கயே பேய் இல்ல, மியூசியம்தான் இருக்கு. நம்ம வீட்டுக்கு எங்கிருந்து வரும்

கார்த்தி: லதா அத்தை, அது நான் ஆடுற கேம் சத்தம். ரெசிடென்ட் ஈவில் முதல் பாகம். 1996ல கேப்காம் கம்பெனி பிளேஸ்டேஷனுக்குப் போட்டது. ஜப்பான்ல அதுக்கு பயோஹசார்டுன்னு பேரு. ஆபீஸ் வேலை முடிஞ்சு ராத்திரிதான் நேரம் கிடைக்குது

லதா: தரகர்கிட்ட நான் என்னன்னு சொல்றது? நாத்தனார் பையன் ராத்திரி கேம் ஆடுறான்னா?

செல்வி: ஏன் அண்ணி, சொன்னா என்ன குறைச்சல்? வேலை பாத்து சம்பாதிச்சிட்டுதான் ஆடுறான்

பாபு: செல்வி விடு

செல்வி: நான் ஒண்ணும் சொல்லல. என் பையன் எது பண்ணாலும் சில பேருக்குக் குறைதான். அப்பவும் அதையே சொல்லித்தான் வேண்டாம்னாங்க

திவ்யா: அத்தை 🙏

ரவி: அந்தக் கதைய இப்ப எடுக்காதீங்க. திருப்பூர்லருந்து வர்றவங்க இ-பாஸ் எடுத்தாச்சா? இல்லன்னா குஞ்சப்பனை செக்போஸ்ட்ல நிறுத்திடுவாங்க

பாபு: 2 வண்டி. ஒண்ணுக்கு எடுத்தாச்சு

தருண்: மச்சான் துப்பாக்கி இருக்கா அதுல

கார்த்தி: இருக்குடா, ஆனா தோட்டா கம்மி. கண்டதையெல்லாம் சுட்டா பாதில காலி. காட்டு நடுவுல ஒரு பங்களா. நாய்ங்க துரத்தி, உள்ள ஓடி வந்து மாட்டிக்குவாங்க. எங்க பாத்தாலும் பூட்டு. வாள், கவசம், கேடயம், தலைக்கவசம்னு படம் போட்ட சாவிங்க ஒவ்வொண்ணும் ஒரு மூலைல கிடக்கும். கைல வச்சுக்கவும் இடமில்ல. கிறிஸ்ங்கிற ஆம்பளையா ஆடுனா 6 பொருள், ஜில்ங்கிற பொண்ணா ஆடுனா 8. சாவி வேணும்னா மருந்துச் செடிய விட்டுட்டுப் போகணும். ஆடினத சேமிக்க டைப்ரைட்டர் இருக்கு, அதுக்கும் மை ரிப்பன் தேடி எடுக்கணும். ஜாம்பிங்க, அதான் நடமாடுற பொணங்க, அதுல எவன சுடுறது, எவன சுத்தி ஓடுறதுன்னு ஒவ்வொரு கதவுலயும் யோசிக்கணும். அந்த யோசனைலதான் பயமே. சுடுறது ரெண்டாம் பட்சம்

ரவி: இவ்ளோ யார் படிப்பா

பாபு: சத்தம் ஏன் வருது, அத சொல்லு

கார்த்தி: சொல்றேன் மாமா. ஒரு நடைபாதைல போறப்ப நாய் ஜன்னல உடைச்சுக்கிட்டுப் பாயும். கண்ணாடி சத்தம் அதான். பீத்தோவனோட மூன்லைட் சொனாட்டாவ ஜில் பியானோல வாசிச்சா ஒரு சுவர் திறக்கும். அப்புறம் காக்கா. படம் மாட்டின அறை ஒண்ணு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சுவிட்ச். தப்பா அழுத்துனா மேல உக்காந்திருக்குற காக்கா எல்லாம் வந்து கொத்தும். கைக்குழந்தைல ஆரம்பிச்சு கிழவர் வரைக்கும் வயசு வரிசைல அழுத்தணும். அத கண்டுபிடிச்சது பாட்டி

லதா: அத்தையையும் உக்கார வச்சு காட்டுறியா?? அவங்களுக்கு பிரஷர் இருக்கு

செல்வி: அப்பா போனதுலருந்து அம்மா மாடிப்படியே ஏறல. இப்ப சாப்பிட்டதும் அவங்களா ஏறிப் போறாங்க. நான் எதுக்குத் தடுக்கணும்?

செல்வி: அம்மா பேசினத அப்படியே எழுதுறேன்: "அந்தப் பொண்ணு எப்பப் பாத்தாலும் சாவி தேடுது. அடிக்காம ஓடிப் போய் பொழைச்சுக்குது, கெட்டிக்காரி. நம்ம பீரோ சாவியத்தான் காணோம்"

ரவி: பீரோ சாவி பாபுகிட்ட

பாபு: என்கிட்ட இல்ல. பத்திரம் எடுத்த அன்னிக்கே செல்விகிட்ட குடுத்தேன்

செல்வி: எப்பக் குடுத்தீங்க??

திவ்யா: கார்த்தி, கூரை இறங்குற ரூம் தாண்டிட்டியா

லதா: திவ்யா நீயுமா

கார்த்தி: தாண்டியாச்சு திவ்யா! ஷாட்கன் எடுத்ததும் கதவு பூட்டிக்கும், கூரை இறங்கும். ஜில்லோட கூட்டாளி பாரி வந்து காப்பாத்திட்டு, விட்டிருந்தா 'ஜில் சாண்ட்விச்' ஆயிருப்பன்னு சொல்லுவாரு. உயிர் போற நேரத்துல அப்படி ஒரு வசனம்! நடிப்பெல்லாம் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகம் மாதிரிதான். எனக்கு அதுதான் உயிர். இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆடுறப்ப வாய் விட்டு சிரிச்சா, அடுத்த கதவத் திறக்க தைரியம் வருது. 2002ல இதையே ரொம்ப அழகா மறுபடி செஞ்சாங்க, ஆனா அந்த வசனத்த மாத்திட்டாங்க. அதுல விழுந்த ஜாம்பிய மண்ணெண்ணெய் ஊத்தி எரிக்கணும், இல்லன்னா இன்னும் வேகமா எழுந்து வரும்

ரவி: மண்ணெண்ணெய் ரேஷன்ல குடுக்குறாங்களா இப்ப

செல்வி: எங்க. பழைய கேன்ல கொஞ்சம் இருக்கு

தருண்: லீவுக்கு வந்து நானும் ஆடட்டுமா

கார்த்தி: 17 வயசு ஆகணும்னு அதுலயே போட்டிருக்குடா. பாட்டி பக்கத்துல உக்காந்து புதிர மட்டும் சொல்லு. மாமா சரின்னா

ரவி: மார்க் வரட்டும்

லதா: தரகருக்கு நான் என்ன பதில் சொல்றது? வீட்டுலயா, குன்னூர் ஓட்டல்லயா?

செல்வி: எங்க வீடு வேண்டாம்னா நேரா சொல்லிடுங்க அண்ணி. அம்மாவ குன்னூர் வரைக்கும் எப்படிக் கூட்டிட்டுப் போவீங்கன்னும் சொல்லுங்க

பாபு: எங்க வீடு உங்க வீடெல்லாம் என்ன பேச்சு. அங்கயே வைப்போம். மாடிக்கு மட்டும் யாரும் போக வேண்டாம்

திவ்யா: எனக்குப் பாட்டி வீடுதான் வேணும். மாடியையும் காட்டலாம்ப்பா. என்ன சத்தம்னு அவங்களே பாத்துக்கட்டும்

லதா: திவ்யா, கூப்பிடுறேன், போன எடு

கார்த்தி: ஞாயிறு வரைக்கும் ஹெட்போன் போட்டுக்கறேன் அத்தை. பாட்டிக்காக சனிக்கிழமை பகல்ல மட்டும் சத்தம் வைக்கிறேன்

ரவி: ரெண்டாவது வண்டி இ-பாஸ்?

பாபு: வண்டி நம்பர் இன்னும் அனுப்பல

செல்வி: வர்க்கி எத்தன கிலோ சொல்றது? சின்னண்ணா, சாவிய உங்க பழைய பேக்ல ஒரு தடவ பாருங்க. அம்மாவோட பட்டுப்புடவை பீரோவுலதான் இருக்கு